ஐவர் சுமக்கும் நஞ்சு

பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கடலோடு கலக்கும் இடத்தில் ஒரு செம்பு நீர் அள்ளினால், வளைந்த உடலும் ஒற்றை வாலும் கொண்ட விப்ரியோ பாக்டீரியாக்கள் அதில் நிச்சயம் இருக்கும். போர்ச்சுகீசியர் வந்து இறங்கிய காலத்திலும் இருந்திருக்கும். 1781இல் ஹைதர் அலியின் படையும் பிரிட்டிஷ் தளபதி ஐர் கூட்டின் படையும் இந்தக் கரையோரம் மோதிக்கொண்டபோதும் இருந்திருக்கும். உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகம்தான் அவற்றுக்குப் பிடித்த இடம். கண்ணுக்கு அரிதாகவே தெரியும் கோபிபாடு என்ற மிதவை உயிரிகளின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு, இறால் ஓட்டிலும் நண்டு ஓட்டிலும் உள்ள அதே கைட்டினைத் தின்று காலம் தள்ளுகின்றன. கடலடியில் மலை மலையாகக் குவிந்திருக்க வேண்டிய ஓடுகள் மட்கிப்போவதில் இவற்றுக்குப் பெரிய பங்கு உண்டு.

காலராவுக்குக் காரணமான விப்ரியோ காலரே இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் கழிமுகங்களில் பிடிபடும் விப்ரியோ காலரேக்களில் பெரும்பாலானவற்றால் ஒருவருக்குக்கூடக் காலராவைக் கொடுக்க முடியாது. அவற்றிடம் நஞ்சு இல்லை.

இருப்பவற்றுக்கும் அந்த நஞ்சு சொந்தச் சொத்தல்ல. பாக்டீரியாக்களைத் தொற்றும் வைரஸ்கள் உண்டு. அப்படி ஒரு வைரஸ், நூலிழை போன்றது, தன் மரபணுக்களோடு நஞ்சின் மரபணுவையும் தூக்கிக்கொண்டு அலைகிறது. ஏற்ற விப்ரியோ கிடைத்ததும் அதன் மரபணுத் தொகுதிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அன்றுவரை கோபிபாடு ஓட்டைத் தின்றுகொண்டிருந்த உயிரி அதற்குப் பிறகு ஊரைக் காலிசெய்யும் கிருமி. இந்த உண்மை 1996இல்தான் வெளியே வந்தது. அந்த நஞ்சோ அதற்கு வெகு முன்பே உலகத்தைச் சுற்றி வந்துவிட்டது.

1817இல் வங்காளத்தின் ஜெசோர் பக்கம் கிளம்பிய காலரா மறு ஆண்டே சென்னை மாகாணத்துக்குள் நுழைந்தது. பட்டாளம் நடந்த சாலையில் அதுவும் நடந்தது. 1824இல் வில்லியம் ஸ்காட் என்ற அரசு மருத்துவர் மாகாணம் முழுவதற்குமான அறிக்கை ஒன்றைத் தொகுத்து வெளியிட்டார். மூன்றாண்டு கழித்து, ஆளுநர் தாமஸ் மன்றோவே சுற்றுப்பயணத்தில் பத்திகொண்டாவில் காலராவுக்குப் பலியானார். காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் இல்லை என்பதுதான் இந்த நோயைப் பற்றிய பெரிய பீதி. கண் குழிந்து, தோல் சுருங்கி, குரல் கம்மி, அரிசி கழுவிய நீர்போல் வயிறு போய்க்கொண்டே இருக்கும். தென்னாற்காட்டுக் கிராமங்களில் வாந்திபேதி வந்தால் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். பேதியில் போக என்ற சாபம் இன்னும் வழக்கொழியவில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. 1884இல் கல்கத்தாவில் கிருமியைப் பிரித்தெடுத்துக் காட்டிய ராபர்ட் கோக், அது ஏதோ நஞ்சைக் கக்குகிறது என்று ஊகித்தார். ஊகம் சரி. ஆனால் அந்த நஞ்சைப் பிடிக்க எழுபத்தைந்து ஆண்டு ஆயிற்று. தாமதத்துக்குக் காரணம், தேடியவர்களுக்குக் கெட்டிக்காரத்தனம் குறைவு என்பதல்ல. தேடிய இடம் தப்பு. நஞ்சென்றால் ரத்தத்தில் கலந்துதான் கொல்லும் என்று முடிவுகட்டி, விலங்குகளின் ரத்தத்திலும் வயிற்றறையிலும் கிருமியை ஊசிபோட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிருமியோ குடலின் உட்சுவரைத் தாண்டுவதே இல்லை.

சம்பு நாத் டே என்ற வங்க மருத்துவர் குடலையே சோதனைக் கூடம் ஆக்கினார். ஹூக்ளி மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்து, லண்டனில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டுக் கல்கத்தா திரும்பியவர். முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இருபுறமும் நூலால் கட்டி, அதற்குள் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அந்தத் துண்டு மட்டும் நீர் கோத்து உப்பியிருந்தது. இது 1953. பிறகு கிருமி வளர்ந்த திரவத்திலிருந்து கிருமிகளை முழுக்க வடிகட்டிவிட்டு, வெறும் திரவத்தைச் செலுத்தினார். அப்போதும் உப்பியது. நேச்சர் இதழில் 1959 மே மாதம் அவருடைய கட்டுரை வந்தது. அதே ஆண்டு பம்பாய் ஹாஃப்கின் நிறுவனத்தில் என்.கே. தத்தாவும் உடன் பணியாற்றியவர்களும் முயல் குட்டிகளை வைத்து இதே திசையில் இன்னொரு சான்றைத் தந்தார்கள்.

டேயைப் பற்றி ஒரு வருத்தம் இங்கே சொல்லியாக வேண்டும். நோபல் பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவர் பெயரை நோபலுக்குப் பரிந்துரைத்தார். 1978இல் ஸ்டாக்ஹோமில் நடந்த நோபல் கருத்தரங்குக்கு அழைப்பு வந்தது. சொந்த நாட்டில் பெரிய விருது ஒன்றும் வரவில்லை. 1985இல் அவர் இறந்து ஐந்தாண்டு கழித்துத்தான் கரண்ட் சயின்ஸ் இதழ் அவருக்காகச் சிறப்பிதழ் போட்டது.

1969இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஃபிங்கெல்ஸ்டைன் குழு நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்த பிறகு, அதன் வடிவம் மெல்ல மெல்லத் தெரிய வந்தது. அது ஒற்றை ஆள் அல்ல. ஐந்து பேர் தூக்கிவரும் பல்லக்கு. தூக்கிகள் ஐவரும் ஒரே அச்சு. ஒவ்வொருவரும் 103 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. இவர்களுக்கு பி பகுதி என்று பெயர். மேலே உட்கார்ந்திருப்பவர் ஒருவர், 240 அமினோ அமிலம், ஏ பகுதி. தூக்கிகளுக்கு ஆளைக் கொல்லத் தெரியாது, மேலே இருப்பவருக்கு நடக்கத் தெரியாது.

குடல் சுவரின் செல்களில் ஜிஎம்1 என்ற சர்க்கரை ஏறிய கொழுப்பு உண்டு. ஐவரும் அதைப் பற்றிக்கொள்கிறார்கள். செல் தன் வழக்கப்படி அந்தப் பகுதியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பிறகு பல்லக்கு போகும் பாதைதான் விசித்திரம்: செல் புரதங்களை வெளியே அனுப்பப் பயன்படுத்தும் வழியில், எதிர்த்திசையில் நடந்து, புரதம் மடிக்கப்படும் அறைவரை போய்விடுகிறது. அங்கே ஏ பகுதியில் ஒரு துண்டு கழன்று, மடிப்புக் குலைந்த புரதம்போல் நடிக்கிறது. குறைப்பட்ட சரக்கை வெளியே தள்ளும் காவல் ஏற்பாடு செல்லுக்கு உண்டு. அது இந்தத் துண்டையும் தள்ளிவிடுகிறது. தள்ளப்பட்டதெல்லாம் அழிக்கப்பட வேண்டும் என்பது விதி. அழிப்பதற்கான முத்திரை லைசின் என்ற அமினோ அமிலத்தின் மேல்தான் குத்தப்படும். இந்தத் துண்டில் லைசின் மிகமிகக் குறைவு. முத்திரையிலிருந்து தப்பி மறுபடி மடிந்து நிமிர்ந்துகொள்கிறது. ஒரு பாக்டீரியாப் புரதத்துக்கு நம் செல்லின் நிர்வாக விதிகள் இவ்வளவு அத்துபடி என்பது எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சற்று எரிச்சலூட்டுகிறது.

உள்ளே வந்ததும் அது செய்யும் வேலை ஒன்றே ஒன்று. செல்லில் ஜி புரதம் என்றொரு விசை உண்டு. செய்தி வந்தால் திறக்கும், வேலை முடிந்தால் தானே மூடும். அதன் மேல் ஒரு ரசாயனத் துண்டை ஒட்டி, மூட முடியாமல் செய்துவிடுகிறது நஞ்சு. சைக்ளிக் ஏஎம்பி என்ற செய்தி மூலக்கூறு பெருகுகிறது. குளோரைடு வெளியேறும் வாயில் திறந்தபடி நிற்கிறது. குளோரைடு போகிற பக்கம் சோடியமும், இரண்டும் போகிற பக்கம் நீரும் போகின்றன. பெரியவர் ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டர்வரை போய்விடும். சிகிச்சை இல்லையென்றால் பாதிப் பேர்வரை சாகலாம். குடல் செல்களில் ஒன்றுகூடச் செத்திருக்காது. எல்லாம் நல்ல நிலையில் வேலைபார்த்துக்கொண்டிருக்கும்.

ஆளைக் கொல்வதில் கிருமிக்கு என்ன லாபம்? கொல்வது அதன் நோக்கமே அல்ல. அந்த அரிசிக் கழுநீரில் கோடிக்கணக்கான விப்ரியோக்கள் குளத்துக்கும் ஆற்றுக்கும் திரும்பிப் போகின்றன. போகும் வழியில் ஒரு மனிதர் இறப்பது அதன் கணக்கில் வருவதில்லை.

செல்கள் சாகவில்லை என்பதுதான் சிகிச்சைக்கும் வழி திறந்தது. குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்து உள்ளே இழுக்கும் வேறொரு வாயில் குடலில் உண்டு. நஞ்சு அதைத் தொடுவதில்லை. உப்போடு சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தால் ஒரு வாயிலில் போகும் நீரை இன்னொரு வாயிலில் உள்ளே கொண்டுவந்துவிடலாம். 1968இல் டாக்காவில் நலின், கேஷ் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள் நோயாளிகளிடம் இதை நிரூபித்தார்கள். 1971 வங்கதேசப் போரில் அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்துப் பன்காவில், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலனோபிஸ் உப்பு சர்க்கரைக் கரைசலைப் பீப்பாயில் கலக்கி உறவினர்கள் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார். அவருடைய முகாமில் இறப்பு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் அந்தப் பீப்பாயின் வாரிசு.

இந்தக் கதை திரும்பவும் பரங்கிப்பேட்டைக்கு வர வேண்டியிருக்கிறது. சிதம்பரத்தில் 1929இல் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம், ஆர்.வி. சேஷையாவின் முயற்சியால் வெள்ளாற்றங்கரையில் கடல் உயிரியல் நிலையம் ஒன்றைக் கட்டியது. மீன், நண்டு, மிதவை உயிரி, சேறு என்று அந்த முகத்துவாரத்தைப்போல் அணு அணுவாக ஆராயப்பட்ட கழிமுகம் இந்தியாவில் வேறு இருக்குமா என்பது சந்தேகம். எழுபதுகளின் இறுதியில் ஜி. பாலகிரிஷ் நாயர் என்ற மாணவர் ஆர். நடராஜன் முதலியோருடன் சேர்ந்து இங்கே பிடிபடும் மீன்களில் விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் எந்தப் பருவத்தில் கூடுகிறது, எப்போது குறைகிறது என்று கணக்கெடுத்துக்கொண்டிருந்தார். காலராக் கிருமியின் ஒன்றுவிட்ட சகோதரன் அது. சரியாக வேகாத கடல் உணவு வழியே வயிற்றைக் கெடுப்பது. அதற்கும் தனி நஞ்சு உண்டு. செல் சவ்வில் துளைபோடும் ரகம். அங்கேயும் பழைய கதைதான்: கடலில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நஞ்சில்லாதவை, நோயாளியிடம் கிடைப்பவை நஞ்சுள்ளவை. பரங்கிப்பேட்டை மீன்களைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1980இல் கனடா நாட்டு நுண்ணுயிரியல் இதழில் வந்தது. மீனை அறுத்துக் கிருமி எண்ணும் அந்த வேலையைப் பார்த்து, இதற்கும் ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் அன்று இருந்திருப்பார்கள்.

சம்பந்தம் 1992இல் தெரிந்தது. நாயர் அதற்குள் கல்கத்தாவில் தேசிய காலரா ஆய்வு நிறுவனத்தில் இருந்தார். அந்த அக்டோபரில் சென்னையில் காலரா பரவியது. அறிகுறி அச்சு அசல் காலரா. ஆனால் நோயாளிகளின் மலத்திலிருந்து வளர்த்த கிருமி, காலராவை உறுதிசெய்ய வைத்திருந்த ஓ1 சீரத்தோடு ஒட்டவே மறுத்தது. உலகில் அதுவரை கொள்ளைநோயாகப் பரவிய காலரா அனைத்தும் ஓ1 வகை. மற்ற வகைகள் எல்லாம் சில்லறை என்பது பாடநூல். மதுரையிலும் கல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் அடுத்தடுத்து அதே கிருமி. சிறுபிள்ளைகளைவிடப் பெரியவர்கள் அதிகம் விழுந்தார்கள். பழைய காலராவுக்கு உடம்பில் சேர்த்துவைத்திருந்த எதிர்ப்பு இதனிடம் செல்லவில்லை. 1993 மார்ச்சில் லான்செட்டில் வந்த கட்டுரையின் முதல் பெயர் டி. ராமமூர்த்தி; நாயரும் அதில் இருந்தார். அறிந்த வகைகள் 138 இருந்ததால் புதியது ஓ139 ஆயிற்று. வங்காள விரிகுடாக் கரையெல்லாம் பரவியதால் பெங்கால் என்ற துணைப்பெயர். நாயருக்கு 1998இல் பட்நாகர் விருது கிடைத்தது.

கிருமி தன் மேல்சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தது என்பது ஆராய்ந்தபோது தெரிந்தது. மேலுறைச் சர்க்கரைக்கான மரபணுக்களை வேறெங்கோ இரவல் வாங்கிப் போட்டிருந்தது. உள்ளே இருந்த நஞ்சு பழைய நஞ்சேதான்.

அந்தச் சென்னை நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகள் விமானம் ஏறின. எம்ஓ10, எம்ஓ45 என்ற குறியீடுகளோடு உலக ஆய்வகங்களில் அவை இன்றும் புழங்குகின்றன. எம்ஓ10ஐ வைத்துப் பாஸ்டனில் வேலைசெய்த மாத்யூ வால்டரும் ஜான் மெகலனோஸும்தான் 1996இல் நஞ்சின் மரபணு ஒரு வைரஸின் சுமை என்று காட்டியவர்கள். 2005இல் இன்னொன்று தெரிந்தது: கைட்டின் ஓட்டில் உட்கார்ந்திருக்கும்போது விப்ரியோக்கள் சுற்றிக் கிடக்கும் அயல் மரபணுத் துண்டுகளை விழுங்கித் தமதாக்கிக்கொள்கின்றன. வெள்ளாற்றின் கோபிபாடு வெறும் சோற்றுக்கான இடமல்ல, மரபணுச் சந்தையும்கூட.

ஆனால் கிருமி பக்கத்திலேயே இருப்பது மட்டும் காலராவுக்குப் போதாது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி கடலூர் மாவட்டத்தின் தேவனாம்பட்டினத்தையும் சிங்காரத்தோப்பையும் இன்னும் பல குப்பங்களையும் அடித்துப்போனபோது, அடுத்து காலராதான் என்று எல்லோரும் பயந்தார்கள். தண்ணீர்த் தொட்டிகளில் குளோரின் கொட்டப்பட்டது. பயந்த கொள்ளைநோய் வரவில்லை. மாவட்டத்தில் பரவியது தட்டம்மை. பிணங்களும் சேறும் காலராவை உண்டாக்குவதில்லை. நஞ்சு சுமக்கும் கிருமி அந்தச் சமயம் மக்களிடையே இருந்தாக வேண்டும், அது குடிநீரில் கலந்தாக வேண்டும்.

நஞ்சு மருந்தாகும் கதை, பல்லக்கைப் பிரித்த நாளில் தொடங்குகிறது. மேலே இருப்பவரை இறக்கிவிட்டால் தூக்கிகள் சாதுக்கள். ஆனால் குடலைப் பற்றிக்கொள்ளும் திறமை அப்படியே இருக்கும். உடம்பின் எதிர்ப்பு மண்டலம் அவர்களைப் பார்த்துவிட்டால் உடனே ஆயுதம் எடுக்கும். ஸ்வீடனில் யான் ஹோல்ம்கிரென் இதை நம்பி, செத்த கிருமியோடு பி பகுதியையும் சேர்த்துக் குடிக்கும் தடுப்பு மருந்து தயாரித்தார். 1985இல் வங்கதேசத்தின் மத்லாபில் பெரிய சோதனை நடந்தது. முதல் ஆறு மாதங்களில் பி பகுதி சேர்ந்த மருந்து ஏறத்தாழ 85 சதவீதம் காத்தது. வெறும் கிருமி மருந்து 58. பார்க்கப் பெரிய வெற்றி. மூன்றாண்டுக் கணக்கைக் கூட்டியபோது இரண்டும் பாதியில் வந்து நின்றன. பி பகுதி வயிற்று அமிலத்தில் சிதையும் என்பதால் அதைக் காரக் கரைசலில் கலந்து குடிக்க வேண்டும்; விலையும் கூடும். டுகோரல் என்ற பெயரில் அது மேல்நாட்டுப் பயணிகளுக்கான மருந்தாயிற்று. ஹைதராபாதில் 2009இல் வந்த ஷான்கால் மருந்து பி பகுதியைக் கைவிட்டு, கொன்ற கிருமிகளை மட்டும், ஓ139 உட்பட, வைத்துக்கொண்டது. கல்கத்தாச் சோதனையில் ஐந்தாண்டு 65 சதவீதம் காத்தது. நஞ்சிலிருந்து மருந்து என்ற அழகான யோசனை காலராவுக்கே முதலில் தேவைப்படாமல் போனதை நான் தோல்வி என்று சொல்ல மாட்டேன். ஏழை நாடுகளுக்கு விலைதான் முதல் அறிவியல்.

தூக்கிகளுக்கு வேறு வேலைகள் கிடைத்தன. நரம்பு செல்களிலும் ஜிஎம்1 நிறைய உண்டு. அதனால் பி பகுதியில் நிறமேற்றிச் செலுத்தி, எந்த நரம்பு மூளையில் எங்கே போய் முடிகிறது என்று உலகமெங்கும் தடம் பார்க்கிறார்கள். 2004இல் லண்டனில், பெசெட் என்ற நோயால் கண் பழுதான எட்டுப் பேருக்கு, நோயைக் கிளப்பும் புரதத் துண்டையே பி பகுதியில் ஏற்றிக் குடிக்கக் கொடுத்தார்கள். உடம்பு அதைப் பகையாகப் பார்ப்பதை நிறுத்தப் பழகுமா என்பது கேள்வி. மற்ற மருந்துகளைக் குறைத்தும் ஐந்து பேருக்கு நோய் திரும்பவில்லை. எட்டுப் பேர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. மேலே இருப்பவருக்கும் ஒரு பெருமை உண்டு: ஜி புரதம் எப்படி வேலைசெய்கிறது என்று புரிந்துகொள்ள இந்த நஞ்சு ஒரு முக்கியக் கருவியாக இருந்தது, அந்தப் புரதத்துக்காக 1994இல் கில்மனும் ராட்பெல்லும் நோபல் வாங்கினார்கள்.

பரவலாக நம் ஊருக்குள் வந்துவிட்டது இன்னொரு நஞ்சின் சாது வடிவம். தொண்டை அடைப்பான் கிருமியின் நஞ்சும் வைரஸ் கொண்டுவந்த மரபணுதான். 1951இல் விக்டர் ஃப்ரீமன் கண்டது. அதுவும் நம் புரதம் ஒன்றின் மேல் அதே ரசாயனத் துண்டைத்தான் ஒட்டுகிறது, ஆனால் செல்லையே கொன்றுவிடுகிறது. அதன் சங்கிலியில் 52ஆவது இடத்தில் கிளைசினுக்குப் பதில் குளூட்டாமிக் அமிலம் வந்துவிட்டால் நஞ்சு செத்தது, உருவம் மட்டும் மிச்சம். சிஆர்எம்197 என்ற அந்த உருவத்தின் மேல் நிமோனியாக் கிருமியின் சர்க்கரையை ஏற்றினால், வெறும் சர்க்கரையைக் கண்டுகொள்ளாத பச்சிளங்குழந்தையின் உடம்பும் விழித்துக்கொள்கிறது. 2021 முதல் தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கு ஒன்றரை மாதத்திலும் மூன்றரை மாதத்திலும் ஒன்பதாம் மாதத்திலும் போடும் நிமோனியா தடுப்பூசியில் இருப்பது இதுதான். புவனகிரியில் தடுப்பூசி நாளன்று தாய் மடியில் வீறிடும் குழந்தைக்கு இவ்வளவு முன்கதை தெரிய வேண்டியதில்லை.

காலராவின் தூக்கிகள் இப்போது நெல்லுக்குள்ளும் போயிருக்கிறார்கள். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி கியோனோவின் குழு பி பகுதியின் மரபணுவை நெற்பயிரில் வைத்து, அரிசி மணியிலேயே அந்தப் புரதம் திரளும்படி செய்தது. 2007இல் முதல் கட்டுரை. நெல்மணிக்குள் இருப்பதால் குளிர்பதனம் வேண்டாம், வயிற்று அமிலத்திலும் எளிதில் கரைவதில்லை. அரிசியைப் பொடித்து உப்புநீரில் கரைத்து, ஒரு கிராம், மூன்று கிராம், ஆறு கிராம் என்று ஜப்பானியத் தன்னார்வலர்களுக்கு நான்கு முறை குடிக்கக் கொடுத்து, 2021இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்தால் பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை. அளவு கூடக்கூட எதிர்ப்புச் சக்தியும் கூடியது. ஆனால் சிலருடைய உடம்பு அசையவே இல்லை. அவர்களுடைய குடலில் பாக்டீரியா வகைகள் குறைவாக இருந்தன.

இந்த இடத்தில் காவிரிக் கடைமடைக்காரர் நெல்லைப் பார்த்து மகிழ்ந்துவிடக் கூடாது. குடிக்கும் தடுப்பு மருந்துகள் நம் குழந்தைகளிடம் ஐரோப்பாவில்போல் வேலைசெய்வதில்லை என்பது போலியோ சொட்டு மருந்திலும் ரோட்டா மருந்திலும் பார்த்தது. குடல் கிருமிகளைக் குறைத்தால் சரியாகுமா என்று வேலூரில் குழந்தைகளுக்கு அசித்ரோமைசின் கொடுத்துவிட்டுச் சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் வந்த முடிவு: கிருமிகள் குறைந்தன, சொட்டு மருந்தின் பலன் கூடவில்லை.